பதினொரு நிமிடம் இல்லாத விரிவுரை

இது எந்த வருடம் நடந்தது என்று கேட்டால் 2008 என்று சொல்வேன். ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன். அன்று மழை பெய்ததாகத்தான் மனதில் இருக்கிறது. ஹட்டனைப் பற்றிய என் நினைவுகள் எல்லாவற்றிலும் மழை பெய்துகொண்டே இருப்பதால் அதையும் நம்ப முடியவில்லை. யார் என்ன பேசினார்கள் என்பதில் சில வார்த்தைகளை நானே பிற்பாடு சேர்த்திருக்கவும் கூடும். எண்களை மட்டும் நம்பலாம். அவற்றை அன்றே எழுதி வைத்துக்கொண்டேன்.

இலங்கையின் மலையக நகரான ஹட்டனில், கடைவீதிக்கு மேலே ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் பல்கலைக்கழகம் ஒன்றின் வெளிவாரிக் கற்கை நிலையம் இருந்தது. ஒரு வகுப்பறை, ஒரு கணினி அறை, நான்கு அலுமாரிகள் கொண்ட ஒரு நூலகம். நூலகத்துக்கு நான் பொறுப்பு. கணினி அறைக்கு வட்டகொடையைச் சேர்ந்த கணேசமூர்த்தி. சனிக்கிழமைகளில் விரிவுரை. அப்போது தேயிலைத் தோட்டங்களில் சனிக்கிழமையும் வேலை நாள்தான் என்பதைக் கால அட்டவணை போட்டவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. டயகமவிலிருந்தும் பொகவந்தலாவையிலிருந்தும் பெயர் பதிந்தவர்களில் பாதிப்பேர் வருவதில்லை. வரப் புறப்பட்டவர்களையும் சில நாட்களில் மண்சரிவு பாதி வழியில் நிறுத்திவிடும்.

ஒரு நாள் கணேசமூர்த்தி என்னைக் கூப்பிட்டு ஒரு கணினித் திரையைக் காட்டினான்.

"அண்ணே, இது விரிவுரையப் படம் புடிக்கும், பேர் போட்டுச் சேத்து வைக்கும், தேடுனா எடுத்துக் குடுக்கும். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். உள்ள எப்பிடி வேலை செய்யுதுன்னு தொறந்தும் பாக்கலாம். நமக்குச் சரிவரலைன்னா மாத்திக்கலாம்."

"யாரு குடுக்குறாங்க?"

"நாலஞ்சு நாட்டுப் பல்கலைக்கழகத்து ஆளுங்க சேந்து எழுதியிருக்காங்க."

"நமக்குக் குடுத்து அவங்களுக்கு என்ன கெடைக்கும்?"

"அவங்களுக்கும் விரிவுரையப் படம் புடிக்கணுமில்ல அண்ணே. ஒரு தடவை செஞ்சிட்டா எல்லாருக்கும் ஆச்சுதானே."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. உலகத்தில் எதையும் யாரும் இப்படித் தூக்கிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த இரண்டு மாதம் அவன் செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலுவலகம் கழித்துவிட்ட இரண்டு கணினிகளைக் கழற்றி ஒன்றாக்கினான். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றிடம் பழைய கமெரா வாங்கி வந்தான். அந்த மென்பொருளின் மூல வரிகளை அச்செடுத்து, தேநீர்க் கறை படிய, கதைப் புத்தகம் போல வாசித்தான். விளங்காத இடத்தைப் பற்றி முகம் தெரியாத அந்த ஆட்களுக்கு எழுதுவான். இரண்டு நாளில் யாராவது ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருப்பார். ஒருவர் தம் பதிலின் முடிவில் அங்கே அன்று பனி கொட்டுவதாக எழுதியிருந்தார். இவன் இங்கே மூடுபனி என்று எழுதினான். மனிதர்கள் மேல் பெரிய நம்பிக்கை வைத்து வாழ்ந்தவன் அல்ல நான். அந்தக் கடிதங்களை வாசித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

தோட்டங்களில் அப்போது இணையம் கிடையாது. ஆனால் டிவியும் சீடி டெக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் இருந்தன. அதனால் பதிவானதைக் கணேசமூர்த்தி இறுவட்டில், அதாவது சீடியில், ஏற்றி, டயகம பஸ் நடத்துனர் பொன்னையாவிடம் கொடுத்தனுப்புவான்.

"என்ன தம்பி, புதுப் படமா? யாரு ஹீரோ?" என்பார் பொன்னையா.

"ஜெயரத்தினம் சாருதான்."

"சண்டை இருக்கா?"

"முழுக்கச் சண்டைதான். கணக்கோட."

ஜெயரத்தினம் கணித விரிவுரையாளர். யாழ்ப்பாணத்துக்காரர். போரில் பாதை மூடியிருந்ததால் விடுமுறையிலும் ஊருக்குப் போக முடியாமல், ஹட்டனில் ஓர் அறையில் தனியே இருந்தார். அதிகம் பேசமாட்டார். வகுப்பிலும் அப்படித்தான். "இப்ப பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பத்து நிமிடத்துக்குச் சத்தம் இருக்காது. எங்கள் பலகையில் பாதியை ஈரம் தின்றுவிட்டது. மிச்சப் பாதியில் வலக்கையால் எழுதிக்கொண்டே இடக்கையால் முந்திய வரியை அழித்துக்கொண்டு போவார். எல்லாரும் மூச்சுக் காட்டாமல் பிரதி பண்ணுவார்கள். கடைசி வரி மட்டும் பலகையில் நிற்கும். திரும்பி, "விளங்குதோ?" என்பார். அந்த அமைதியை நான் கதவருகே நின்று கேட்டிருக்கிறேன். எனக்கு அது பிடிக்கும்.

விரிவுரை இரண்டு மணித்தியாலம். ஓர் இறுவட்டில் எண்பது நிமிடம்தான் கொள்ளும். இரண்டு அனுப்பினால் பஸ்ஸில் ஒன்று தொலையும், அல்லது கீறல் விழும். மூன்று வாரம் இப்படி நடந்த பிறகு கணேசமூர்த்தி ஒரு வழி கண்டுபிடித்தான். குரல் இல்லாத இடங்களைத் தானே தேடி வெட்டும் வசதி ஒன்று அந்த மென்பொருளில் இருந்தது. அதைத் திறந்துவிட்டான். ஜெயரத்தினம் சாரின் விரிவுரை எழுபத்தெட்டு நிமிடமாகச் சுருங்கி ஒரே வட்டில் அடங்கியது. முதலையும் முடிவையும் ஓட்டிப் பார்த்து, சந்தோஷமாக அனுப்பினான். நானும் பாராட்டினேன்.

யாரும் குறை சொல்லவில்லை. மற்றவர்கள் ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் வந்து, கூட்டாளியின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். முழுக்க இறுவட்டையே நம்பியிருந்தவள் ஒருத்திதான். பிரியந்தி. டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தாள். சனிக்கிழமை அதைப் பூட்டிவிட்டு வர முடியாது. பத்து விரிவுரையில் அவள் நேரே வந்தது, வேறொருவர் எடுத்த முதல் மூன்றுக்கு மட்டும்; ஜெயரத்தினம் சாரைத் திரையில்தான் பார்த்திருந்தாள். எட்டுக்கு வந்திருந்தால்தான் பரீட்சை எழுதலாம். ஏற்கெனவே இரண்டு வருடம் அவளால் எழுத முடியவில்லை. இந்த மூன்றாம் வருடமும் எழுதாவிட்டால் பதிவு ரத்தாகும். பதிவு போனால் ஆசிரியர் வேலை என்ற நினைப்பும் போகும்.

விதியில் ஒரு சிறு வாசல் இருந்தது. பதிவு செய்த விரிவுரையைப் பார்த்துப் படித்தவர் என்று விரிவுரையாளர் திருப்தியடைந்து கையெழுத்திட்டால் அதை வருகையாக ஏற்கலாம். கணேசமூர்த்தி படிவத்தை எடுத்துக்கொண்டு ஜெயரத்தினத்திடம் போனான்.

"படம் பாத்தவையளுக்கு எல்லாம் நான் கையெழுத்து வைக்கேலாது தம்பி. பாத்தவ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கேட்டுப் பாருங்க சார். எந்த விரிவுரையில இருந்தும் கேளுங்க."

பிரியந்தி ஒரு நாள் லீவு போட்டு வந்தாள். கணினி அறையில் கரும்பலகை இல்லாததால் எல்லாரும் வகுப்பறைக்குப் போனோம். சாட்சிக்கு நானும்.

"நாலாம் விரிவுரை. வர்க்கங்களின்ர கூட்டுத்தொகை. நிறுவிக் காட்டும் பிள்ளை."

ஒன்று, நான்கு, ஒன்பது, பதினாறு என்று வர்க்க எண்களை எதுவரை கூட்டினாலும் விடை சொல்லும் சிறிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. அது ஏன் சரி என்று காட்ட வேண்டும். பிரியந்தி சூத்திரத்தை எழுதினாள். பிறகு அதன் கீழே எண்களால் ஒரு முக்கோணம் போட்டாள். முதல் வரியில் ஓர் 1. இரண்டாம் வரியில் இரண்டு 2. பிறகு மூன்று 3, நான்கு 4. பக்கத்தில் அதே முக்கோணத்தை, 1 வேறு மூலைக்கு வரும்படி திருப்பிப் போட்டாள். இன்னொரு முறை திருப்பி மூன்றாவதையும் போடத் தொடங்கினாள்.

"நில்லும்," என்றார் ஜெயரத்தினம். "இது நான் செய்தது இல்லை."

அவள் வெண்கட்டியோடு நின்றாள்.

"நான் கனங்களை எடுத்து ஒண்டிலிருந்து ஒண்டைக் கழிச்சுக் காட்டினனான். முக்கோணம் எங்கையிருந்து வந்தது? நீர் அதைப் பாக்கவேயில்லை. ஆரோ சொல்லித் தந்ததை எழுதுறீர்."

"பார்த்தேங்க சார். ஏழு சீடியும் பார்த்தேன். நாலாவத எட்டுத் தடவை பார்த்தேன்."

"அப்ப என்ர வழி எங்க?"

"சார் வழியத்தான் சார் சொல்லலீங்களே."

ஜெயரத்தினம் படிவத்தை மடித்தார். "சரி. வேண்டாம்."

அவள் அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அழவில்லை. கொஞ்சம் கோபமாகவே சொன்னாள்: "சார் 'இப்ப பாருங்கோ'ங்குறீங்க. ஒடனே 'விளங்குதோ'ங்குறீங்க. நடுவுல உள்ளத நாமளே கண்டுபிடிக்கணும், பல்கலைக்கழகம்னா அப்பிடித்தான் போலன்னு நெனைச்சேன். எல்லா சீடியிலயும் அப்பிடித்தானே இருக்கு."

கணேசமூர்த்தியின் முகம் வெளுத்தது. ஓடிப் போய், நான்காம் இறுவட்டின் பிரதியோடு கணினியைத் தூக்கி வந்து ஓட்டினான். திரையில் ஜெயரத்தினம், "இப்ப பாருங்கோ" என்று பலகைப் பக்கம் திரும்பினார். கண் இமைத்தேன். பலகையில் கடைசி வரி மட்டும் இருந்தது. "விளங்குதோ?" என்றார்.

கணேசமூர்த்தி படத்தை நிறுத்தினான்.

"சார், தப்பு என்னோடது," என்றான் கணேசமூர்த்தி. "சத்தமில்லாத எடத்த வெட்டச் சொல்லி நான்தான் வச்சேன்."

"அப்ப நான் எழுதினதெல்லாம் போச்சோ?"

"போகல சார். இது மூலப் பதிவத் தொடாது. எங்கேருந்து எங்கே வரைக்கும் வெட்டணும்ங்குற குறிப்ப மட்டும் தனியா வச்சிக்கும். குறிப்ப எடுத்துட்டா எல்லாம் திரும்ப வந்துரும். செஞ்சவங்க அப்பிடி யோசிச்சுச் செஞ்சிருக்காங்க."

முழுப் பதிவைப் போட்டான். ஜெயரத்தினம் தன் முதுகையே பார்த்துக்கொண்டு பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

"நான் இவ்வளவு நேரம் கதைக்காமலோ நிக்கிறனான்? வகுப்பில ஒருத்தரும் சொல்லேல்லையே."

"சார்கிட்ட யாரு சார் சொல்லுவாங்க?" என்றான் கணேசமூர்த்தி.

அவர் லேசாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன். பிறகு பிரியந்தியைப் பார்த்து, "மிச்சத்தையும் செய்து முடியும் பிள்ளை," என்றார்.

அவள் மூன்றாவது முக்கோணத்தைப் போட்டாள். "மூணையும் ஒன்னு மேல ஒன்னு வச்சா எந்த எடத்துல கூட்டுனாலும் ஒம்பதுதாங்க சார் வரும். எடம் பத்து. அப்ப தொண்ணூறு. அதுல மூணுல ஒரு பங்கு முப்பது. ஒன்னும் நாலும் ஒம்பதும் பதினாறும் முப்பதுதானே." பிறகு நான்குக்குப் பதிலாக எந்த எண்ணை வைத்தாலும் அது சரிவரும் என்று எழுதிக் காட்டினாள்.

"இதை எங்க எடுத்தனீர்?"

"காம்பராவுல பால்மா டின் மூடி பத்து கெடந்துச்சுங்க. நம்பர் எழுதி, புள்ளைங்க தூங்குற நேரத்துல தரையில அடுக்கி அடுக்கிப் பார்த்தேன். திருப்பி வச்சா ஒரே தொகை வருதுன்னு அப்பதான் தெரிஞ்சிச்சு."

ஜெயரத்தினம் என் பக்கம் திரும்பினார். "இது பழைய வழிதான். வேற ஆக்களும் கண்டிருக்கினம். உங்கட நூலகத்தில இது இருக்கிற புத்தகம் ஏதும் இவ எடுத்தவவோ?"

பதிவேட்டைப் பார்க்காமலே என்னால் சொல்ல முடியும். ஆனாலும் எடுத்து வந்து காட்டினேன். அவள் பெயரில் ஒரு புத்தகமும் இல்லை. எடுக்கவும் திரும்பக் கொடுக்கவும் சனிக்கிழமை வர வேண்டும். அப்படியொரு புத்தகமும் அந்த நான்கு அலுமாரியில் இல்லை.

அவர் அவளுடைய கொப்பியை வாங்கி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். ஏழு விரிவுரைகளிலும் வெட்டுப்பட்ட இடங்கள் பத்தொன்பது. பத்தொன்பதையும் அவள் நிரப்பியிருந்தாள். பதினான்கு அவர் செய்தது போலவே. இரண்டு வேறு வழியில், சரியாக. மூன்று பிழை. பிழையான மூன்றில் ஒன்றைத்தான் அவர் அதிக நேரம் பார்த்தார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஏதோ எழுதினார். என்னவென்று நான் பார்க்கவில்லை.

படிவத்தை மடிப்புப் பிரித்துக் கையெழுத்திட்டார்.

"பிழைச்ச மூண்டையும் பரீட்சைக்கு முதல் திருத்தவேணும் பிள்ளை. தம்பி, இனி ரெண்டு சீடியா அனுப்பும். ஒண்டு துலைஞ்சால் நானே இன்னொண்டு கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அன்று பின்னேரமே கணேசமூர்த்தி நடந்ததை அந்த வெளிநாட்டு ஆட்களுக்கு எழுதினான். கரும்பலகையில் பேசாமல் எழுதும் விரிவுரையாளர் பற்றி அவர்கள் யோசித்திருக்கவில்லை. அவர்கள் ஊரில் எல்லாரும் திரை போட்டுப் பேசிக்கொண்டே இருப்பார்களாம். சத்தம் நின்றாலும் படத்தில் அசைவு இருந்தால் வெட்டக் கூடாது என்று இவன் சில வரிகள் எழுதி அனுப்பினான். அவற்றில் இரண்டு பிழையை அவர்கள் திருத்தி, அடுத்த வெளியீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். மாற்றங்களின் பட்டியலில் அவன் பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. எனக்கு அச்செடுத்துக் காட்டினான். அந்த வரிகள் எத்தனை ஊர்களில், யாருடைய மௌனத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு. காப்பாற்றப்பட்டவர்களுக்கு வட்டகொடை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது.

பிரியந்தி அந்த வருடப் பரீட்சையை எழுதி இரண்டாம் வகுப்பில் தேறினாள். இப்போது அக்கரபத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறாள். ஜெயரத்தினம் பாதை திறந்ததும் ஊருக்குப் போனார். ஓய்வு பெற்று, நான்கு வருடத்தின் பின் காலமானார். கணேசமூர்த்தி கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரைப் பதிவுப் பிரிவை நடத்துகிறான், அதே மென்பொருளில். பொன்னையா பஸ் வேலையை விட்டுவிட்டு டயகமவில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். கற்கை நிலையம் வேறு கட்டடத்துக்கு மாறியது. நான் ஹட்டனிலேயே இருக்கிறேன்.