காய்ஞ்சமடுவுக்கு ஒரு கொம்பு

அந்த ஆவணியில் வடிவம்மா கிளிநொச்சிக்கு பஸ் ஏறியது மூன்றாவது தரம். காய்ஞ்சமடுவில் நாற்பது குடும்பத்தின் கிணறுகளும் அடி தெரியக் கிடந்தன. எட்டு மாத வயிற்றோடு மருமகள் ரஜிதா சைக்கிளில் பிளாஸ்ரிக் கானைக் கட்டிக்கொண்டு இரண்டு கட்டை தூரம் தண்ணீருக்குப் போய்வருகிறாள். போன கிழமை ஒழுங்கையில் சைக்கிளோடு சரிந்தும் விட்டாள். ஊருக்குத் தண்ணீர் பவுசர் லொறி வந்தே ஆகவேண்டும். பிள்ளை பிறக்கமுன் வரவேண்டும்.

உதவி நிறுவனத்தில் வரைபடம் பார்க்கிற நஸ்மியா ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். முல்லைத்தீவுக்காரி, புத்தளத்து அகதிமுகாமில் பவுசருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவள். கணினியைத் திருப்பிக் காட்டினாள். சிவப்பென்றால் தண்ணீர் இல்லாத ஊர், நீலமென்றால் உள்ள ஊர். காய்ஞ்சமடு கண்ணைப் பறிக்கிற நீலமாக இருந்தது.

"இதில எங்க பிள்ளை தண்ணி? காட்டுங்கோ, ஒரு வாய் குடிச்சிட்டுப் போறன்."

"அறுநூறு ஊருக்கும் போய்ப் பாக்க ஆக்கள் இல்லையம்மா. கொழும்பில ஆரோ பேரை வச்சுப் பிரிச்சிட்டினம். குளம், மடு, மோட்டை, ஆறு எண்டு முடிஞ்சா தண்ணி இருக்கிற இடமாம்."

அடப் பாவிகளே! வன்னியில் தண்ணீர் இல்லாத ஊர்ப்பெயரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பெயரைப் பிழிந்து குடிக்கலாமென்றால் இங்கே மழையே வேண்டாம்.

"காய்ஞ்ச எண்டு முன்னுக்கு இருக்குதே, அதை வாசிக்காதோ உந்த மெசின்?"

"வாலை மட்டுந்தானம்மா வாசிக்கும்."

நிறத்தை மாற்றக் கடிதம் வேண்டும், கடிதத்துக்கு மேல் ஒரு கையெழுத்து வேண்டும், கையெழுத்துக்கு மூன்று மாதம் வேண்டும். மூன்று மாதத்தில் மாரி தொடங்கிவிடும். நஸ்மியாவுக்கு இருந்த அதிகாரம் ஒன்றே ஒன்று: ஊர்ப்பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தலாம். அவள் வடிவம்மாவின் வெடித்த பாதங்களைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு 'ம'வுக்கு முன்னால் ஓர் இரட்டைக்கொம்பைத் தட்டிவிட்டாள். மடு மேடாகிவிட்டது. காய்ஞ்சமேடு.

நீலம் போய்ச் சிவப்பு வந்தது.

"ஆரும் கேட்டா என்ன சொல்லுவீங்கள் பிள்ளை?"

"எழுத்துப்பிழை எண்டு சொல்லுவன்."

மூன்றாம் நாளே பவுசர் வந்தது. வடிவம்மா ஒழுங்கையில் நின்று அழுதாள். அடுத்த கிழமை ஊர் நடுவில் நெஞ்சுயரத்துக்குச் சீமெந்து மேடை கட்டி, அதன்மேல் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்றையும் ஏற்றி வைத்தார்கள். தாங்கியில் வெள்ளைப் பெயின்ரால் 'காய்ஞ்சமேடு' என்று எழுதியும் விட்டார்கள். அவளுடைய புருசன் சுடலைமுத்து எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இனி நாங்கள் மேட்டுக்குடியப்பா, மரியாதையாக் கதையுங்கோ" என்று ஊரையே சிரிக்க வைத்தான். புரட்டாதியில் ரஜிதாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஆசுப்பத்திரியால் வந்த குழந்தையை அந்தத் தாங்கித் தண்ணீரில்தான் குளிக்கவார்த்தார்கள்.

கார்த்திகைக் கடைசியில் நாலு நாள் விடாமல் ஊற்றியது. காய்ஞ்ச மடு என்று பெயர் வைத்தவர்கள் காய்ந்த காலத்தில் வந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மழை பெய்தால் சுற்றுவட்டாரத்துத் தண்ணீரெல்லாம் இறங்கி நிற்பது அந்தப் பள்ளத்தில்தான். நாலாம் நாள் மதியம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். குளம் என்று முடிகிற ஊர்களுக்கெல்லாம் படகு போனதாக வானொலி சொன்னது. காய்ஞ்சமேட்டின் பெயரை அது சொல்லவேயில்லை.

அப்போதுதான் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"வந்திட்டினம்! கடவுளே, வந்திட்டினம்!" என்று வடிவம்மா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கைவரை போனாள்.

பின்னால் இழுத்துவந்த பெட்டியில் இருந்தவர்கள் உதவிக்காரர்கள் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து ஆறு குடும்பம், பானை சட்டியோடு, நனைந்த கோழிகள் போல இருந்தார்கள். முன்னால் இருந்த இரஞ்சிதம் தன் கைபேசியை நீட்டினாள். 'உங்களுக்கு அருகிலுள்ள பாதுகாப்பான மேட்டுநிலம்: காய்ஞ்சமேடு. உடனே செல்லவும்.'

"இஞ்ச மேடு எங்கயக்கா?" என்று கேட்டாள் இரஞ்சிதம்.

வடிவம்மாவின் இடுப்பில் பொலித்தீன் சுற்றிச் செருகியிருந்த கைபேசி அடித்தது. நஸ்மியா.

"அம்மா, உங்கட ஊரைப் பாதுகாப்பான இடமெண்டு போட்டு வச்சிருக்கினம். நான் காலமையிலயிருந்து கத்திக்கொண்டிருக்கிறன்."

"அந்தக் கொம்பைக் கழட்டு பிள்ளை! முதல்ல அதைக் கழட்டு!"

"எழுத்துத் திருத்தம் வருசத்துக்கு ஒருக்காத்தானம்மா விடும்." மறுமுனையில் நஸ்மியா தட்டச்சு அடிக்கிற சத்தம் கேட்டது. "படகுக்கு இப்பவே எழுதிறன். ஆனா மேடெண்டு இருக்கிற ஊருக்கு ஒரு கேள்வி வருது. பதில் போடாமல் அங்கால போகவிடுதில்லை. மேட்டில எத்தினை பேருக்கு இடமிருக்கு எண்டு கேக்குது."

வடிவம்மா திரும்பிப் பார்த்தாள். சீமெந்து மேடையில் தாங்கி போக மிச்சமிருந்தது ஒரு பேசின் வைக்கிற இடம். அதில் ஒரு பேசின் இருந்தது. பேசினுக்குள் சீலைத்துணியில் சுற்றிய குழந்தை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ரஜிதா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒராளுக்கு இருக்கு," என்றாள் வடிவம்மா. "அவள் ஏறீட்டாள் எண்டு எழுது."