எட்டுக்குள் ஓடிய பெண்

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவள் இறந்து மூன்று வருடமாகிறது. வகுப்பு எடுக்கும் காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. பதினாறு வருடம் அதன்மேல் கால் வைத்திருந்த பழக்கத்தில், பஸ்ஸில் பயணியாகப் போகும்போதுகூட அவள் கால் தரையை அழுத்தும். வீட்டில் டிவி பார்க்கும்போதும்தான்.

எங்கள் மகளுக்கு ஆறு வயதிலும் பொத்தான் போட வராது. பந்து மூக்கில் பட்ட பிறகுதான் கை மூடும். சமதரையில் தடுக்கி விழுவாள். கையும் காலும் சேர்ந்து வேலை செய்யப் பழக இவளுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும் என்றார் டாக்டர். அதைத் தாங்கிக்கொண்டோம். ஆனால் விளையாட்டு வகுப்பு உள்ள செவ்வாய்க்கிழமைகளில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்க ஆரம்பித்தாள். பிறகு மற்ற நாட்களிலும். "என்னைச் சேர்த்தா எல்லாரும் தோத்துடுவாங்கம்மா" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். மறுநாளே மறுபடியும் டாக்டரிடம் போனோம்.

"தினமும் ஓடியாடட்டும், அவளுக்குப் பிடிச்ச மாதிரி. மனசுக்கும் அது நல்லது" என்றார் டாக்டர்.

மனைவி அவளைச் சாயங்காலங்களில் பயிற்சி மைதானத்துக்கே கூட்டிப்போனாள். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை முடிந்து நானும் போய்ச் சேர்ந்துகொள்வேன். அங்கே ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கோன்களை எட்டு வடிவில் வைத்திருப்பார்கள். முதல் நாள், கார் ஓட்டக் கற்க வந்த ஐம்பது வயது வங்கிக் கேஷியர் ஒருவர் வண்டியால் வரிசையாகக் கோன்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இந்த மாமாவும் என்னை மாதிரியா?"

கேஷியர் காதில் விழுந்துவிட்டது. "உன்னைவிட மோசம்மா. உனக்குக் கால் ரெண்டு. எனக்குச் சக்கரம் நாலு!"

பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

வகுப்பு முடிந்து கார் ஓரமாக நின்றதும் எட்டு அவளுடையது. அவளே கார்; வாயாலேயே கியர் மாற்றுவாள். மனைவி கூடவே ஓடுவாள். குழந்தை கொஞ்சம் தள்ளாடினால் போதும், சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்திவிடுவாள். பத்து நாளில் குழந்தை ஒருமுறைகூட விழவில்லை. ஒரு எட்டைக்கூட முடிக்கவும் இல்லை.

"நீ பிரேக் போட்டுட்டே இருக்கியேம்மா! நான் எப்படிப் போறது?"

மனைவி அப்படியே நின்றுவிட்டாள். காரில் சாய்ந்து வியர்வை துடைத்துக்கொண்டிருந்த கேஷியர் விடவில்லை. "நல்லாக் கேளும்மா! எனக்கும் இதே கதிதான். டெஸ்ட் அன்னிக்கு டீச்சரோட காலையா கடன் வாங்க முடியும்?"

வேறொருத்தியாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பாள். இவள் போய்க் காருக்குள் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கிச் சப்பணமிட்டாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க, நீங்களும் ஓடக் கூடாது."

"விழுந்துடப் போறா."

"விழட்டும். பிழை திருத்துற வேலையை உங்க அச்சகத்தோட வச்சுக்குங்க."

முதல் சுற்றில் நான்கு கோன்கள் சாய்ந்தன. வளைவில் குப்புற விழுந்தாள். மனைவியின் மடித்த காலில் விரல்கள் சுருங்கி விரிவதைக் கண்ணாடி வழியே பார்த்தேன். குழந்தை எங்களைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். சாய்த்த கோன்களைத் தானே நிமிர்த்தி வைத்துவிட்டு, தொடக்கத்துக்குப் போய் நின்றாள். ஏழு முறை விழுந்தாள். எட்டாவது சுற்றை முடித்தாள். கை தட்டிய கேஷியரைப் பார்த்து, "இருங்க மாமா, இன்னொரு தடவை" என்றாள்.

பதினாறு வருடப் பழக்கத்தை ஒரு சாயங்காலத்தில் மடக்கி, அதன்மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. அவ்வளவு பெரிய காரியத்தை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, யாரும் சொல்லாமலே குழந்தை ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் முழங்கால் சிராய்ப்போடு வந்து பையை எறிந்தாள்.

"தோத்துட்டோம்."

"யாராலடி?" என்று மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அந்த நெட்டையனாலதான்! ஓடுடான்னா நின்னு வேடிக்கை பார்க்கிறான். அடுத்த வாரம் அவனை எங்க டீம்ல சேர்க்கவே மாட்டேன்!"

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது" என்று கண்டிக்கத்தான் மனைவி வாயெடுத்தாள். முடியவில்லை. சமையலறைக்குள் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் சிரிப்பது எனக்குக் கேட்டது.