ஐந்து கட்டை தள்ளி

பாட்டு வகுப்பில் நான் இரண்டு முறை தோற்றேன். பாட வராமல் தோற்றவர்கள் பலர் உண்டு. பாட வந்த பிறகு தோற்றவள் அந்தக் கல்லூரியில் நான் ஒருத்திதான்.

ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. தமிழ்ப் பள்ளி, மலாய்ப் பள்ளி, சீனப் பள்ளி என்று எல்லா ஆசிரியர்களையும் பயிற்சிக் கல்லூரிக்கு வரச் சொல்லி உத்தரவு வந்தது. பிள்ளைகள் ஜப்பான் மொழியைப் பாட்டாகப் படிக்க வேண்டுமாம். அதற்கு முதலில் நாங்கள் பாடக் கற்க வேண்டுமாம். ஆறு வாரம் வகுப்பு, முடிவில் தேர்வு. தேறினால் பள்ளிக்கூடமும் முழுப் பங்கு அரிசியும் கிடைக்கும். தேறாவிட்டால் அரைப் பங்கு அரிசியோடு மறுபடி ஆறு வாரம். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பெருக்கல் வாய்பாட்டைக்கூட நான் ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவள் இல்லை. இந்த வயதில் வாயைப் பிளந்து ‘ஆ’ என்று கத்த வைக்கிறார்களே என்ற எரிச்சலோடுதான் போனேன்.

அந்த நாட்களில் எனக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல்தான். என் வீட்டுக்காரர் தெய்வநாயகம் மலாக்கா ரயில் நிலையத்தில் குமாஸ்தா. முந்தின வருடம் தம்பின் ஊருக்குப் போகும் தண்டவாளத்தைப் பிடுங்கிச் சயாமில் புதுப் பாதை போட ஏற்றினார்கள். தண்டவாளத்தோடு நிலையத்து ஆட்களையும் ஏற்றினார்கள். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஒன்பது மாதம் ஆகிவிட்டது. ஒரு துண்டுக் கடிதம் இல்லை. காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டில் அவருடைய வேட்டிகளை மாதம் ஒருமுறை துவைத்துக் காயப்போடுவேன். உடுத்தாத வேட்டியை எதற்குத் துவைக்கிறாய் என்று யாராவது கேட்டால் சண்டை போடத் தயாராக இருந்தேன். யாரும் கேட்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

எங்களுக்குப் பாட்டு டீச்சர் சிவகாமசுந்தரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். நாலு தெரு தள்ளி, தமிழை மறந்து மலாய் பேசும் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியில் வீடு. கன்னியாஸ்திரீகளிடம் ஆர்கன் படித்தவள். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரிகள் போடும் கெபாயாச் சட்டை, வாயில் மலாய். பெயரில் இருக்கிற அளவுகூட அவள் வாயில் தமிழ் கிடையாது. ‘அக்கா’ என்று மட்டும் நன்றாகச் சொல்வாள். அவள் மலாயில் பேசியதை இங்கே நான் தமிழாக்கித்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் அவள் எங்களுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தாள். முப்பது வருடமாக நின்றுகொண்டிருந்தது நிற்றலே இல்லையாம். பாதங்களைச் சற்று அகட்டி, முழங்காலை விறைக்காமல், தோளைத் தூக்காமல் நிற்க வேண்டும். மூச்சு நெஞ்சுக்குப் போகக்கூடாது, வயிற்றுக்குப் போக வேண்டும். ஒரு காகிதத் துண்டைச் சுவரில் வைத்து, கையை எடுத்துவிட்டு, ஊதியே அதை விழாமல் நிறுத்த வேண்டும். மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிறுகள் பாவம், என்ன ஊதும்? என் காகிதம் மூன்று எண்ணுவதற்குள் விழுந்தது.

பிறகு ஒவ்வொருவரும் தெரிந்த பாட்டு ஒன்றைப் பாட வேண்டும் என்றாள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. காலையில் கிணற்றடியில் தண்ணீர் இறைத்து ஊற்றிக்கொண்டே என் வீட்டுக்காரர் பாடும் முருகன் பாட்டு. பன்னிரண்டு வருடம் அடுப்படியில் இருந்து கேட்டது. அவர் இருந்தவரைக்கும் நான் வாய் திறந்து பாடியதில்லை. போன பிறகுதான் சமைக்கும்போது மெல்லப் பாட ஆரம்பித்தேன். அதையே பாடினேன். மேலே போகும் இடங்கள் உறுமலாக வந்தன. கீழே போகும் இடங்களில் வெறும் காற்று வந்தது. வகுப்பே சிரித்தது.

சிவகாமசுந்தரி சிரிக்கவில்லை. “இனி சுவாரா சியாப்பா, அக்கா?” என்று கேட்டாள். இது யாருடைய குரல் என்று அர்த்தம். எனக்கு முகம் சுட்டது.

வகுப்பு முடிந்ததும் என்னை மட்டும் நிறுத்தினாள். “தெருக்கோடியில ஒருத்தர் போறார்னு வச்சுக்குங்க. யோசிக்காம கூப்பிடுங்க, அக்கா.”

“என்னங்க!” என்று கூப்பிட்டேன்.

கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. ஒன்பது மாதமாக அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்லை. அவள் அதற்குள் ஆர்கனை மிதித்து ஒரு கட்டையை அழுத்தியிருந்தாள். என் குரல் நின்ற அதே இடத்தில் ஆர்கன் பாடிக்கொண்டிருந்தது.

“இதுதான் உங்க சுருதி. கூப்பிடும்போது பொய் சொல்ல வராது.”

“அப்ப நான் பாடினது?”

அவள் விரல் இடப்பக்கமாக ஒவ்வொரு வெள்ளைக் கட்டையாக நகர்ந்தது. ஐந்தாவதில் நின்று அழுத்தியது. “இது. ஆம்பளை நிக்கிற இடம். யார்கிட்ட கேட்டுப் படிச்சீங்களோ, அவர் நிக்கிற இடத்துலயே போய் நிக்கிறீங்க.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அது அவர்தான். பாட்டைத் தொடங்கும் முன் முதல் வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஒரு முனகல் முனகுவாரே, அது. “இன்னொரு தரம் அமுக்கு” என்றேன். அமுக்கினாள். “இன்னொரு தரம்” என்றேன். நான் அழுவதைப் பார்த்து அவள் காரணம் கேட்டாள். சொன்னேன்.

அன்று முதல் எல்லாருக்கும் முன்னால் கல்லூரிக்குப் போய்விடுவேன். ஜப்பான்காரன் எங்கள் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்தான். வகுப்புக்குச் சரியாகப் போவதென்றாலே இருட்டில்தான் கிளம்ப வேண்டும். நான் அதற்கும் முன்னால் கிளம்பினேன். ஆளில்லாத கூடத்தில் ஆர்கனை மிதித்து முதலில் என் கட்டையை அழுத்துவேன். பிறகு ஐந்து தள்ளி அவர் கட்டையை. நான் கூப்பிட்டேன், அவர் பதில் சொன்னார். பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தே செய்தேன்.

வகுப்பிலும் முன்னேறினேன். காகிதம் சுவரில் இருபது எண்ணும் வரை நின்றது. வாயை மூடி முனகினால் மூக்குத்தண்டு அதிர்ந்தது. நான்காவது வாரத்தில் ஒரு நாள், என் சுருதியில் ‘ஆ’ என்று தொடங்கியபோது, குரல் தங்குதடையில்லாமல் கூடம் முழுக்கப் போயிற்று. இத்தனை வருடம் இது எனக்குள்ளேயா இருந்தது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மாலை மரவள்ளியை வேகப்போட்டுவிட்டு அவர் பாட்டைத் தொடங்கினேன். அது என் சுருதியில் வந்தது. நிறுத்திவிட்டுக் கீழே தேடினேன். கிடைக்கவில்லை. இன்னும் கீழே, கொஞ்சம் மேலே என்று தொண்டை தடவித் தடவிப் பார்த்தது. ஒன்பது மாதம் என் தொண்டையில் பத்திரமாக வைத்திருந்தவர் ஒரே நாளில் காணாமல் போய்விட்டார். மறுநாள் அரக்கப் பரக்க ஓடிப்போய் அந்தக் கட்டையை அழுத்திய பிறகுதான் மூச்சு வந்தது.

தேர்வு நாளில் ஜப்பான் அதிகாரி முன்னால் உட்கார்ந்திருந்தார். உதயசூரியனைப் பற்றிய பள்ளிப் பாட்டு ஒன்றைத் தனியாகப் பாட வேண்டும். சிவகாமசுந்தரி என் கட்டையை அழுத்திக் காட்டினாள். நான் ஐந்து கட்டை கீழே இறங்கிப் பாடினேன். எல்லாரும் சிரிக்க, அதிகாரி என் பெயருக்கு நேரே பெருக்கல் குறி போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் பொரிந்து தள்ளினாள். “உங்களுக்கு வரும்! வேணும்னே செஞ்சீங்க!”

“ஆமா, வேணும்னுதான் செஞ்சேன்.”

“எதுக்கு? பாதி அரிசியில என்ன சாப்பிடுவீங்க?”

“தேறிட்டா என்னை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாங்களோ. அங்க ஆர்கன் இருக்காது, சிவகாமி. ரயில்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறதில்ல? அந்த மாதிரி அவர் எடத்தைப் புடிச்சு வச்சிருக்கேன். நான் எந்திரிச்சு என் எடத்துக்குப் போயிட்டா அது போயிடும். அவர் வந்து எங்க உக்காருவாரு?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவர் வந்த மறுநாள் உங்க சுருதியில எனக்காகப் பாடணும். முழுசா, ஒரு தடவை. சரியா?” என்றாள்.

“வந்த மறுநாள்” என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டாம் முறையும் தோற்றேன். அவள் ஒரு கைப்பிடி அரிசியை வாழையிலையில் கட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பசித்தது உண்மை. எலும்பு தெரிந்ததும் உண்மை. ஆனால் காலையில் அந்த இரண்டு கட்டைகளை அழுத்தும்போது எனக்கு எதுவும் குறையாகத் தெரியவில்லை.

மூன்றாம் முறை நடந்துகொண்டிருந்தபோது, தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, அப்பாசாமி வந்தார். நிலையத்தில் என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்தவர், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். என் வாசலில் நின்றவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. காலில் புண்ணுக்கு ஏதோ இலையை வைத்துக் கட்டியிருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“அம்மா, ஐயா போயிட்டாரும்மா.”

“எப்ப?”

“அங்க போன ரெண்டாவது மாசமே. வாந்திபேதி. காலையில நல்லா இருந்தாரு, பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நான்தாம்மா மண்ணு தள்ளினேன்.”

அப்பாசாமிக்குக் கொடுக்க வீட்டில் வெந்த மரவள்ளிதான் இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போனார். நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். கல்லூரியில் நான் முதன்முதலாக ‘என்னங்க’ என்று கூப்பிட்ட நாளில், அவர் கண் மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. செய்தியை யாரிடமும் சொல்லவில்லை. என் வாயால் சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று பயந்தேன். சிவகாமசுந்தரியிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு நாளும் கல்லூரிக்கு நேரம் கழித்தே போனேன்.

தேர்வன்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். பாதங்களை அகட்டி, தோளைத் தளர்த்தி, வயிற்றுக்கு மூச்சு வாங்கினேன். சிவகாமசுந்தரி வழக்கம்போல என் கட்டையை அழுத்திவிட்டு, நான் கீழே இறங்கப்போகிறேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த இடத்துக்கு உரியவர் வரப்போவதில்லை. இனி யாருக்காக அங்கே உட்கார்ந்திருப்பது? நான் என் சுருதியில் பாடினேன். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முதல் அடியிலேயே அவள் தலை நிமிர்ந்தது. முகமெல்லாம் சிரிப்பு. ஆர்கனை மிதித்துக்கொண்டே கழுத்தைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள். வராந்தாவைப் பார்த்தாள். அவர் எங்கே நிற்கிறார் என்று தேடினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

பாதிப் பாட்டில் ஆர்கன் நின்றுவிட்டது. நான் தனியாகவே மீதியைப் பாடி முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரி என் பெயருக்கு நேரே ‘தேர்ச்சி’ என்று எழுதினார். சிவகாமசுந்தரி கெபாயாவின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.