காதுக்குப் பின்னால்

தங்கை ஜுவைரியாவின் தலையை ஃபர்சானா முழங்கையில் தாங்கிக்கொண்டாள். குளிப்பாட்ட வந்திருந்த அம்மாள் சீப்பை நனைத்து முடியைப் பிரித்தாள். இறந்தது பெண் என்றால் மய்யித்துக்கு மூன்று பின்னல் போட வேண்டும். இரண்டு முடிந்துவிட்டது. மூன்றாவதற்கு முடியைக் கோதும்போது வலது காதுக்குப் பின்னால் சீப்பு தட்டி நின்றது.

"இன்னாமா இது?"

கால்மாட்டில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த ஜுவைரியாவின் மாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

புளியங்கொட்டை அளவில் ஒரு மேடு. அதிலிருந்து தோலுக்கடியில் ஒரு குழாய் கழுத்து வழியாக இறங்கியது. அம்மாளின் விரல் அதைத் தொட்டுக்கொண்டே போய் காறை எலும்பில் நின்றது.

"கட்டுப்பல்லு, மோதிரம் எல்லாம் கழட்டிடணும். இது கழட்டுறதா?"

"உள்ள இருக்கு. கழட்ட முடியாது" என்றாள் ஃபர்சானா. மாமியாரை அவள் பார்க்கவில்லை.

தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது தலை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. மூளையில் ஊறும் நீர் வடிய வழியில்லை என்றார்கள். தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்தார்கள். அது என்றைக்கு வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளலாம், தலைவலி, வாந்தி, தூக்கம் என்று வந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். குழாய் ஒருமுறைகூட அடைத்துக்கொள்ளவில்லை. ஜுவைரியா பள்ளிக்குப் போனாள், செங்கல்பட்டிலேயே கல்லூரி முடித்தாள். வீட்டில் அது ஆறிப்போன பழைய காயம் மாதிரி ஆகிவிட்டது.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து சம்பந்தம் வந்தபோது அம்மா பதருன்னிசா ஜுவைரியாவின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். தலையில் ஆபரேஷன் என்றால் புத்தி சரியில்லை என்றுதான் நினைப்பார்கள், யாரிடமும் மூச்சு விடாதே என்றார். காதுக்குப் பின்னால் இருப்பது சின்ன வயதில் விழுந்து பட்ட அடி என்று கணவனிடம் ஜுவைரியா சொல்லிவைத்தாள்.

கல்யாணமாகி நாலாவது மாதம் வாந்தி. மாமியார் போன் செய்து நல்ல செய்தி மாதிரி இருக்கிறது என்றார். அம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். ஃபர்சானா தங்கையைக் கூப்பிட்டு, தலை வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

"வலிக்குதுக்கா. படுத்தா ஜாஸ்தியா வலிக்குது. மாமி மாங்கா நறுக்கினு வந்து பக்கத்துலயே குந்தினு கீறாங்க. அவங்க மொகத்தப் பாத்து எப்டிக்கா சொல்றது?"

மச்சானிடமாவது சொல் என்று ஃபர்சானா கெஞ்சினாள். மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் கிளம்பினாள். திருக்கழுக்குன்றம் வரும்போது தங்கையின் கணவன் அப்துல் அஹத் போனில் கூப்பிட்டான். எழுப்பினால் எழவில்லை என்றான்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இருந்தது, மூளை ஆபரேஷன் செய்ய ஆள் இல்லை. அப்துல் அஹத் ஆம்புலன்ஸுக்கு ஓடியபோது, டாக்டரிடம் ஃபர்சானா எல்லாவற்றையும் சொன்னாள். கர்ப்பம் இல்லை என்று அவர் சொன்னார். வளர்ந்த பிறகும் இந்தக் குழாய் எதற்கு, வேறு வைத்தியம் வந்திருக்குமே என்று அவள் கேட்டாள். பெரும்பாலானவர்களுக்கு இன்றைக்கும் இதே குழாய்தான், அடைத்துக்கொண்டால் மாற்ற வேண்டும், நேற்று வந்திருந்தால் மாற்றியிருக்கலாம் என்றார். சென்னைக்குப் போகும் வழியில், திருவிடந்தை தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

வெளியே பெண்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு போனவளுக்குச் சொர்க்கம் என்று ஒரு குரல் கேட்டது.

"ஃபர்சானா" என்றார் மாமியார். "இன்னா அது?"

"தலையில சேர்ற தண்ணிய வயித்துக்கு எறக்குற குழா, மாமி. அடைச்சிகிச்சு. அதான் வாந்தி."

"அப்போ புள்ள?"

"இல்ல மாமி."

மாமியாரின் கையிலிருந்த குவளை சாய்ந்து தண்ணீர் தரையில் போனது. அவர் அதை நிமிர்த்தவில்லை.

"மொதல்லயே சொல்லியிருந்தா நான் கட்டியிருக்க மாட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அப்புறம், "உசுரோடயாவது இருந்திருக்கும்" என்றார்.

குளிப்பாட்டும் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவது பின்னலைப் போட்டு முடித்தாள். ஃபர்சானாவின் முழங்கை மரத்துப்போயிருந்தது. மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

கதவுக்கு வெளியே, இன்னும் எதுவும் தெரியாத அப்துல் அஹத்தின் குரல் கேட்டது. பள்ளிவாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள், தண்ணீர் போதுமா என்று கேட்டான்.

மாமியார் எழுந்து தலைமாட்டுக்கு வந்தார். ஜுவைரியாவின் காதுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"பத்தலப்பா. இன்னும் ஒரு கொடம் காய வெச்சு எடுத்துனு வா. ரொம்ப சூடு வாணாம், பாத்துக்க."

செருப்புச் சத்தம் அடுப்புப் பக்கம் போனது. அண்டாவில் பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது.