கொடி ஏறிய நேரம்

"இந்தப் பக்கம் அடைக்காதீங்க! நகருங்க, கொஞ்சம் நகருங்க!"

தங்கை போட்ட சத்தத்தில் அண்ணனின் உடலைச் சூழ்ந்து நின்றவர்கள் திகைத்து விலகினார்கள். காற்று வரட்டும் என்கிறாள் போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் நாற்காலிகளை இழுத்து ஓரம் கட்டினார். காற்றுக்காக இல்லை. அவர்கள் நாலு பக்கமும் அடைத்து நின்றதுதான் அவளைக் கத்த வைத்தது.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. வீடுகள் ஊரின் இரண்டு கோடியில். ஆனாலும் சாயங்காலமானால் அவரவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஈட்டியும் குதிரையுமாக அந்தக் காலத்துப் போர் ஒன்றில் மோதிக்கொள்வார்கள். அவள் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

"தோத்து ஓடுறவனுக்கு வழி விட்டீன்னா, மூச்சு வாங்கிட்டுத் திரும்பி வந்து அடிப்பான் குட்டி. நாலு பக்கமும் அடைச்சாத்தான் வெள்ளைக் கொடி தூக்குவான். அப்பதான் அவன் கைதி" என்பான்.

நேற்று அடைத்துவிட்டாள். அண்ணனின் படை ஆற்றங்கரையில் அசையாமல் நின்றது. ஏதோ பொறி வைக்கிறான் என்று பயந்து பயந்துதான் வளைத்தாள். வளையம் மூடப்போகிற சமயத்தில் ஒரே ஒரு குதிரைப்படை மட்டும் அவளை நோக்கிக் கிளம்பியது. பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் பக்கம் வெள்ளைக் கொடி தானாக ஏறியதும், 'என்ன அண்ணே, புலி பூனையாயிடுச்சா?' என்று தட்டி அனுப்பினாள். பதில் இல்லை. ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு சமைக்கப் போனாள். சோறு கொதிக்கும்போது அண்ணியின் போன் வந்தது.

அண்ணி இப்போது உள்ளறை வாசலில் அவள் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, அந்தக் கம்ப்யூட்டர் சத்தத்த நிறுத்தேன். நேத்துலருந்து முரசு அடிச்சுக்கிட்டே கெடக்கு. அவரு என்னைக் கூப்பிடுற மாதிரியே இருக்கு."

உள்ளே போனார்கள். திரையில் அண்ணனின் வீரர்கள் கைகட்டி மண்டியிட்டிருந்தார்கள்.

"நான் துணி தைக்கக் குடுக்கப் போனேன். வந்து பாத்தா சாஞ்சு உக்காந்திருக்காரு." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "தனியா கெடந்து ரொம்ப நேரம் தவிச்சிருப்பாரோ? உனக்குத் தெரிஞ்சிருக்குமே. படை எப்ப நின்னுச்சு? படக்குனு நின்னுடுச்சா?"

தங்கையின் கண்முன் அந்தக் குதிரைகள் மறுபடி கிளம்பின.

"படக்குனுதான் அண்ணி. எல்லாம் ஒரே நேரத்துல நின்னுடுச்சு."

அண்ணி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே மேசையைப் பார்த்தாள். மவுசுக்குப் பக்கத்தில் அண்ணனின் மூக்குக்கண்ணாடி, இரண்டு காலும் மடங்கி, ஒழுங்காக இருந்தது.

"அப்ப இத எப்ப கழட்டி வச்சாரு?" என்றாள். "நான் தொடல பாப்பா."

கூடத்திலிருந்து யாரோ, "நேரமாச்சும்மா, தூக்கணும்" என்று குரல் கொடுத்தார்கள். அண்ணி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

முரசு அடித்துக்கொண்டே இருந்தது. தங்கை அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனுடைய நீளக் காலுக்கு ஏற்ற உயரத்தில் வைத்த நாற்காலி. அவள் பாதம் தரைக்கு எட்டவில்லை.