ஒட்டுக்குக் கீழே

செடிகள் மத்தியானம் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தன. முதலில் அவள் வெயிலைத் திட்டினாள். அப்புறம் சொட்டுநீர்க் குழாயைச் சந்தேகப்பட்டாள். கடைசியில் ஒரு தக்காளிச் செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது.

அந்தப் பசுமைக்குடிலின் மண்ணில் வேர்முடிச்சுப் புழு இருப்பது தெரிந்துதான் குத்தகைக்கு எடுத்திருந்தாள். யாரும் சீந்தாததால்தான் அது அவளுக்குக் கிடைத்தது. புழுவைத் தாங்கும் ரகத்தின் வேர்மேல் நல்ல தக்காளியை ஒட்டுக் கட்டி நட்டால் பயமில்லை. நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் அவள் அண்ணனே அந்த நாற்றைக் கொடுத்திருந்தான். இந்த ஒரு போகம் தேறினால் குடில் அவள் கையில் நிற்கும். இல்லையென்றால் பழையபடி அண்ணன் பண்ணையின் ஒட்டு மேசைதான்.

அந்த மேசையில்தான் அவள் இளமை கழிந்தது. நாற்றை அறுத்து ஒட்டுக் கட்டக் கையில் எப்போதும் பிளேடு இருந்ததால் அங்கே அவளுக்குப் பேரே ‘பிளேடு’. வாயே திறக்காதவளுக்கு இப்படி ஒரு பேரா என்று அண்ணி சிரிப்பாள்.

வேரை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பயிர் ஆய்வகத்துக்கு ஓடினாள். ஆய்வகத்து அம்மா ஒரு முடிச்சைச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினார். பேரிக்காய் போல உப்பிய ஒரு புழு. அதன் தலையைச் சுற்றி, அக்கம்பக்கத்துச் செல்களை நெருக்கித் தள்ளிக்கொண்டு, பூதம் போலச் சில செல்கள்.

“இது செல்லைக் கொல்லாதும்மா. ஊசி மாதிரி வாயால குத்தி, எச்சிலை உள்ள விடும். அதோட அந்த செல்லுக்குத் தன் வேலை மறந்துபோயிடும். உட்கரு மட்டும் பிரிஞ்சு பிரிஞ்சு பெருகும், செல் ரெண்டா ஆகாது. வீங்கிக்கிட்டே போகும். செடியும் என்னவோ தன் புள்ளைக்குப் போடுற மாதிரி சாப்பாட்டையெல்லாம் அங்கயே அனுப்பும்.”

தாங்கும் ரகத்தில் இப்படி ஆகாதே என்று அவள் கேட்டாள். ஆகாதுதான், அதில் குத்துப்பட்ட செல் ஆளை அடையாளம் கண்டு தானே செத்துவிடும், புழு பட்டினி கிடக்கும் என்றார் அவர். ஆனால் மண் ரொம்பச் சூடேறினால் அந்தச் சக்தி தளர்ந்துபோவதும் உண்டாம்.

போனில் சொன்னதும் அண்ணன் அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சூடுதான் காரணம், வைக்கோலைப் பரப்பி மண்ணுக்கு மூடாக்குப் போடாதது உன் தப்பு, அவசரப்பட்டுத் தனியாகப் போனால் இப்படித்தான் என்றான். உன் மேசை காலியாகத்தான் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டான். அவள் அழுதாளே தவிர, சந்தேகப்படவில்லை.

ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். மனசு விட்டுப்போய் அவள் கிள்ளாமல் விட்டதில், பல செடிகளில் கீழ்த்துளிர் ஜாண் உயரம் வளர்ந்துவிட்டது. ஒருநாள் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தாங்கும் ரகத்தின் தண்டு கருஞ்சிவப்பாக, ரோமம் அடர்ந்திருக்கும். இதுவோ வெளிர்பச்சை, வழவழப்பு. ஆயிரக்கணக்கில் அறுத்த கைக்கு இது தெரியாதா? அடுத்த செடியிலும் அதேதான். வரிசை முழுக்க அதேதான். கீழே இருந்தது வெறும் சாதா ரகம்.

துளிரை அறுத்துக்கொண்டு போய் அண்ணன் மேசையில் போட்டாள். அவன் அதைத் தொடவில்லை. அண்ணி உள்ளே போய்விட்டாள்.

“பெரிய பண்ணைக்காரர் ஒருத்தர் தாங்குற ரகம் இருந்ததை மொத்தமாக் கேட்டாரு. அவருக்கு இல்லைன்னு சொன்னா அடுத்த தடவை இந்தப் பக்கமே வரமாட்டாரு.”

“எனக்கு இல்லைன்னு சொல்லியிருக்கலாமே அண்ணா. நான் நட்டிருக்கவே மாட்டேனே.”

“நீ நம்ம பொண்ணு. பொறுத்துப்பேன்னு நெனச்சேன்.”

‘நம்ம’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருஷமும் அவள் தனக்கென்று எதுவும் கேட்காமல் அந்த மேசையில் குனிந்து கிடந்தாள். வெளியே வந்தாள்.

நேராகக் குத்தகைக்கு விட்ட குடில்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். இந்தப் புழுவுக்குச் செண்டுமல்லி ஆகாது, ஒரு போகம் அதைப் போட்டுவிட்டு அடுத்து என் கையாலேயே ஒட்டுக் கட்டிய தக்காளியை நடுகிறேன், அதுவரை பொறுக்க முடியுமா என்று கேட்டாள். அவர் மோவாயைச் சொறிந்தபடி, பூவைப் போடு, பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் உறுதி எதுவும் தரவில்லை.

தக்காளிச் செடிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கில் அடைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் அண்ணனின் வண்டி நின்றது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே வந்தான்.

“நகரு, நானும் பிடுங்குறேன்.”

“உள்ள வராத. செருப்புல ஒட்டுற மண்ணோட புழுவும் உன் பண்ணைக்குப் போயிடும். அங்க நாத்து வாங்குறவங்க பாவம்.”

அவன் ஒரு காலை உள்ளே வைக்கப்போய், இழுத்துக்கொண்டான். அண்ணி சாப்பிட வரச் சொன்னாள் என்றான். அவள் சாக்கின் வாயைக் கட்டிவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்ந்தாள்.