டிசம்பரில் வந்த அப்பா

டிசம்பர் பிறந்துவிட்டால் அந்தப் பேட்மிண்டன் விடுதியில் யாருக்கும் சோறு இறங்காது. அடுத்த வருடம் யார் இருப்பார்கள், யார் மூட்டை கட்டுவார்கள் என்பது அந்த மாதத்தில்தான் முடிவாகும். கழித்துக்கட்டப்படுகிற பிள்ளையிடம் நேரில் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போன் போகும். அப்பாவோ அம்மாவோ வந்து நிற்பார்கள். பெற்றவர்களைப் பார்த்தே பிள்ளைகள் நடுங்க வேண்டும், நல்ல வழக்கம் போங்கள்!

பதினாறு வயது வெனிங் காலைப் பயிற்சியில் இருந்தாள். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற அறைத்தோழி தியாஸ் இறகுப்பந்தை அடிக்காமல் விட்டாள்.

"ஏய், வாசல்ல உங்கப்பாடி. கையில முட்டைப் பெட்டி."

சொந்த ஊரான ப்ரெபெஸிலிருந்து உப்பில் ஊறவைத்த வாத்து முட்டையோடு வந்திருந்த அப்பா, நேராகப் பயிற்சியாளர் ஹர்டிமானின் அறைக்குள் போனார். வெனிங் வலையருகே ஓடினாள்.

"ஆகஸ்ட் விஷயம் தெரிஞ்சுபோச்சாடி?"

"எவனாவது வீடியோ எடுத்திருப்பான். ஆட்டுக்கறிக்கு ஆசைப்பட்டேல்ல, அனுபவி!"

விடுதிப் பிள்ளைகள் ஊர்ப் போட்டிகளில் ஆடக் கூடாது, ஆடினால் வெளியேற்றம்தான். ஆனால் ஆகஸ்டில் அவள் லீவுக்குப் போயிருந்தபோது, சுதந்திர தினப் போட்டிக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் வெளியாளை இறக்கியதும், ஊர்த்தலைவர் வீடு தேடி வந்து கெஞ்சினார். அப்பாவுக்கும் ஊர் மானம் பெரிதாகப் பட்டது. சித்தி மகள் யூனியின் பெயரில், தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, சிமெண்ட் தரையில் ஆடி ஜெயித்தாள் வெனிங். பரிசு ஒரு கிடா. அன்று மாலையே ஊர் கூடி அதைச் சுட்டுத் தின்றது.

ஒன்பது வயதில் இங்கே வந்தவள். ராக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. திரும்பிப் போனால் வெங்காய வயல்தான்.

பத்து நிமிடத்தில் அவளையும் கூப்பிட்டார்கள். அப்பா நாற்காலி நுனியில் குறுகி உட்கார்ந்திருந்தார். கையில் பேனா, எதிரே ஒரு தாள். விலகல் கடிதம்!

"வா வெனிங், உக்காரு," என்றார் ஹர்டிமான்.

"சார், அப்பா மேல தப்பில்ல சார்! ஊர்ல ஆடினது நான்தான். யூனின்னு பேரு குடுத்ததும் நான்தான். இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்க சார்!"

"ஏய், ஏய்!" என்று அப்பா பதறினார். அதற்குள் ஆடு வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

ஹர்டிமான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஜனவரியில டென்மார்க் போட்டிக்கு உன் பேரத்தான் குடுத்திருந்தேன். பாஸ்போர்ட்டுக்கு அப்பா கையெழுத்து வேணும்னுதான் வரச் சொன்னேன்." குரல் தாழ்ந்தது. "போன வருஷம் இதே தப்புக்கு ரெண்டு பசங்கள நானே வீட்டுக்கு அனுப்பினேன். அவங்க முகத்துல நான் எப்படிம்மா முழிப்பேன்?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதில் அப்பாவின் பெயர் பாதி எழுதியிருந்தது.

"மீதிப் பேரையும் எழுதிடட்டுமா சார்?" என்று அப்பா கேட்டார்.

அவர் பேனாவை மூடாமலே கையில் வைத்திருந்தார்.